தாய்ப்பால் பெருகும் வழிகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்

முன்னுரை

பாலூட்டிகளின் பண்புகளை நாம் வரிசையாக எழுதித் தேர்வில் மதிப்பெண் பெறுகிறோம். உடலில் உரோமம் உண்டு, இதயத்தில் நான்கு அறைகள் உண்டு, குட்டிகளுக்குப் பாலூட்டும் என்று எழுதுகிறோம். அந்த வகுப்புக்கே பெயர் தந்த பண்பு கடைசியாகச் சொன்னதுதான். ஆயினும் ஒரு தாயின் மார்பில் பால் எவ்வாறு ஊறுகிறது, ஏன் குறைகிறது, குறைந்தால் பெருக்குவது எப்படி என்று வீட்டில் யாரேனும் கேட்டால் நம்மில் பலர் விழிக்க நேரிடும்.

"பிள்ளைக்குப் பால் பத்தவில்லை" என்ற பேச்சு எழாத தெரு நம் ஊர்களில் இல்லை. பேச்சு எழுந்த மறுநாளே மாவுப்பால் டப்பா ஒன்று வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. முழுவதும் புட்டிப்பாலில் வளரும் குழந்தைக்கு 400 கிராம் டப்பா ஒரு வாரத்துக்குக்கூட வராது. கூலி வேலை செய்யும் குடும்பம் அதை நீட்டிக்க மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டும். குழந்தையின் வயிறு நிறையும், உடம்பு தேறாது. தண்ணீரும் புட்டியும் தூய்மையாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இதைப் பற்றி அறிவியல் மாணவர் அறிந்திருப்பது கடமை என்று கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

"இறைத்த கிணறு ஊறும்" என்பது நம் பழமொழி. தாய்ப்பாலைப் பற்றி உடலியல் கூறும் முதன்மையான உண்மையும் அதுவே.

பால் சுரக்கும் விதம்

மார்பகத்தினுள் திராட்சைக் கொத்துப் போல நுண்ணிய பைகள் உள்ளன. அவற்றின் உட்சுவரிலுள்ள செல்கள் இரத்தத்திலிருந்து வேண்டிய பொருள்களை எடுத்துப் பாலை உண்டாக்குகின்றன. கருவுற்ற காலத்திலேயே இவை ஆயத்தமாகிவிடும். ஆனால் நச்சுக்கொடியில் சுரக்கும் புரொஜெஸ்டிரோன் பால் பெருகாமல் தடுத்து வைத்திருக்கும். பிரசவத்தில் நச்சுக்கொடி வெளியேறியதும் தடை நீங்கி, 2 முதல் 4 நாள்களுக்குள் பால் பெருகத் தொடங்குகிறது. அதற்கு முன் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் மிகக் குறைவு. பிறந்த குழந்தையின் சிறு இரைப்பைக்கு அதுவே போதும். நோயை எதிர்க்கும் பொருள்கள் அதில் செறிந்துள்ளன. "பால் இன்னும் இறங்கவில்லை" என்று சர்க்கரைத் தண்ணீரோ கழுதைப்பாலோ புகட்டினால் குழந்தையின் பசி அடங்கிவிடும். மார்பைச் சப்புவதும் குறையும்.

குழந்தை சப்பும்போது காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதி புரொலாக்டின் என்னும் ஹார்மோனையும், பின்பகுதி ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனையும் இரத்தத்தில் விடுகின்றன. புரொலாக்டின் பாலை உண்டாக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் பைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களைச் சுருங்கவைத்துப் பாலை வெளியே தள்ளுகிறது. கன்று முட்டி முட்டி ஊட்டியதும் பசு சுரப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆக்சிடோசினின் வேலை. புதிய ஆள் கறக்க உட்கார்ந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்வதும் இதனால்தான்.

ஆட்டின் மடி சொன்ன உண்மை

பால் சுரப்பை ஹார்மோன்கள் மட்டுமே முடிவு செய்வதாக இருந்தால் இரண்டு மார்பிலும் ஒரே மாதிரிதான் சுரக்க வேண்டும். உண்மை அப்படியில்லை. 1980களில் ஸ்காட்லாந்திலுள்ள ஹன்னா ஆராய்ச்சி நிலையத்தில் மால்கம் பீக்கர் என்பாரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெள்ளாடுகளில் ஓர் எளிய சோதனை செய்தனர். ஆட்டின் மடி இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதியை நாளைக்கு இரண்டு முறையும் மறுபகுதியை மூன்று முறையும் கறந்தனர். மூன்று முறை கறந்த பகுதியில் மட்டும் பால் கூடியது. இரண்டு பகுதிக்கும் ஓடுவது ஒரே இரத்தம், அதிலுள்ளவை ஒரே ஹார்மோன்கள். அப்படியிருந்தும் வேறுபாடு!

கறந்த பாலுக்கு ஈடாக அதே அளவு சர்க்கரைக் கரைசலை மடிக்குள் செலுத்தியும் பார்த்தனர். மடி நிறைந்தே இருந்தது, சுரப்பு குறையவில்லை. ஆகவே மடியின் இறுக்கத்தைவிட, தேங்கி நிற்கும் பாலிலுள்ள ஏதோ ஒரு பொருளே "போதும், நிறுத்து" என்று செல்களுக்கு ஆணையிடுகிறது என்ற முடிவுக்கு வந்தனர். மனிதத் தாய்மார்களிடமும் இதற்கு ஒத்த முடிவு கிடைத்தது. மார்பு எந்த அளவுக்குக் காலியாகிறதோ அந்த அளவுக்குப் புதுப்பால் விரைந்து ஊறுகிறது என்பதை ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஹார்ட்மன் குழுவினர் 1990களில் அளந்து காட்டினர்.

மார்பில் தேங்கினால் சுரப்பு குறையும், காலியானால் கூடும். கீழே வரும் வழிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவையே.

உண்மையிலேயே குறைவா?

வழி தேடுமுன் பால் குறைவு உண்மையா என்று பார்க்க வேண்டும். குழந்தை அழுகிறது, மார்பு மெத்தென்று இருக்கிறது, பால் தண்ணீராகத் தெரிகிறது என்பன போதிய சான்றுகள் ஆகா. மாலை நேரத்தில் அழுவது பல குழந்தைகளின் இயல்பு. சில வாரங்கள் கழிந்ததும் மார்பின் விம்மல் தணிவதும் இயல்பே. மார்பின் பருமனைத் தருவது பெரும்பாலும் கொழுப்பு. அதை வைத்துப் பாலை அளக்க முடியாது.

நம்பத்தக்க அளவுகோல்கள் இரண்டு. ஐந்தாம் நாளுக்குப் பிறகு, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை 24 மணி நேரத்தில் 6 முறையேனும் வெளிறிய சிறுநீர் கழிக்க வேண்டும். பிறந்த சில நாள்களில் சற்று இறங்கும் எடை இரண்டு வாரத்துக்குள் பழைய அளவை எட்டி, பின் மாதம் 500 கிராமுக்குக் குறையாமல் ஏற வேண்டும். தராசைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

எங்கள் வீட்டில் கண்டது

என் அக்காள் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு இருபது நாள் ஆனபோது மாலை வேளைகளில் ஓயாமல் அழுதது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "பால் பத்தவில்லை" என்றனர். அப்பா தம் கூலியில் ஒரு டப்பா வாங்கி வந்தார். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு புட்டி கொடுத்தார்கள். குழந்தை நன்றாகத் தூங்கியது. பத்து நாளில் அக்காளுக்குப் பால் மெய்யாகவே குறைந்தது. முன்பு இல்லாத குறையைப் புட்டிதான் உண்டாக்கியது.

கிராம சுகாதார செவிலியர் அக்கா வீட்டுக்கு வந்தபோது டப்பாவைப் பற்றி ஒன்றும் கடிந்துகொள்ளவில்லை. "பிள்ளைக்குப் பால் குடு, நான் பாக்கறேன்" என்று சொல்லி அருகில் உட்கார்ந்தார். குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விச் சப்பிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தினார். இரவிலும் ஊட்டச் சொன்னார். புட்டியை ஒரே நாளில் நிறுத்தாமல், எடையைப் பார்த்துப் பார்த்துக் குறைக்கச் சொன்னார். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் புட்டி நின்றது. வகுப்பில் புரொலாக்டின் என்று எழுதிக்கொண்ட சொல்லுக்குப் பொருளை நான் எங்கள் திண்ணையில்தான் படித்தேன்.

பெருக்கும் வழிகள்

1. அடிக்கடி ஊட்டுதல்: இரவும் பகலுமாக 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை ஊட்ட வேண்டும். அழும் வரை காத்திருத்தல் கூடாது. குழந்தை வாயைத் திறந்து தலையைத் திருப்புவதும், கையைச் சூப்புவதும் பசியின் முதல் அறிகுறிகள்.

2. சரியாகக் கவ்வ வைத்தல்: வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். காம்புடன் அதைச் சுற்றிய கருவளையத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் பட, கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும். காம்பு வெடித்து வலித்தால் கவ்வும் முறை பிழை என்று கொள்ளலாம்.

3. இரண்டு மார்பிலும் ஊட்டுதல்: ஒன்றில் குடித்து முடித்தபின் மற்றொன்றைக் கொடுக்க வேண்டும். குடிக்கும்போது குழந்தை தூங்கிவழிந்தால் மார்பை மெல்ல அழுத்தி விட்டால் பால் இறங்கும், மீண்டும் விழுங்கத் தொடங்கும்.

4. இரவில் ஊட்டுதல்: புரொலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரக்கிறது. தாய் தூங்கட்டும் என்று இரவில் புட்டி கொடுப்பது அன்பினால் செய்வதே. பால் குறைய அதுவே வழியாகும். பகலில் வீட்டு வேலைகளை மற்றவர் ஏற்றுத் தாயைத் தூங்கவைப்பதே மேல்.

5. உடலோடு அணைத்தல்: துணியின்றிக் குழந்தையை மார்போடு அணைத்திருந்தால் ஆக்சிடோசின் சுரக்கிறது, குழந்தையும் அடிக்கடி குடிக்கிறது.

6. பீய்ச்சி எடுத்தல்: குறைமாதக் குழந்தை சப்ப இயலாதபோதும், தாயும் சேயும் பிரிந்திருக்கும்போதும் கையாலோ பம்பினாலோ ஒரு நாளில் 8 முறையேனும், இரவில் ஒருமுறை உட்பட, பாலை எடுக்க வேண்டும். பம்பை மட்டும் நம்பாமல் கையால் மார்பைத் தடவி அழுத்திக்கொண்டே எடுத்தால் பால் மிகுதியாகக் கிடைக்கிறது என்று அமெரிக்காவில் ஜேன் மார்ட்டன் குழுவினர் 2009இல் வெளியிட்டனர். எடுத்த பாலைப் புட்டியில் தராமல் பாலாடையிலோ சங்கிலோ புகட்டினால் குழந்தை மார்பை மறக்காது.

உணவும் மனமும்

பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு ஆகியவை பாலைப் பெருக்கும் என்பது நம் பாட்டிமார் வழக்கு. இவை நல்ல உணவுகளே. ஆயினும் இத்தகைய பால்பெருக்கிகளைப் பற்றிய சோதனைகளைத் திரட்டி 2020இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வு, உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. பூண்டைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. தாய் பூண்டு உண்டால் பாலில் அதன் மணம் ஏறுகிறது. அப்போது குழந்தை மார்பில் நெடுநேரம் இருக்கிறது என்று மெனெல்லா, பீச்சாம்ப் ஆகியோர் 1991இல் கண்டனர். பாட்டி சொன்னதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது. குழந்தையை மார்பில் விடாமல் பூண்டுக்குழம்பு மட்டும் ஊற்றினால் பயனில்லை.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடிக்கக் கூடாது என்று தடுப்பது தவறு. தாகத்துக்குத் தக்கவாறு குடிக்கட்டும். முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாள்தோறும் சுமார் 600 கலோரி கூடுதலாக வேண்டும். பத்தியம் என்ற பெயரில் வயிற்றைக் காயப்போடலாகாது.

மனநிலையும் பால் இறங்குவதைத் தடுக்கும். 1948இல் நைல்ஸ் நியூட்டன், மைக்கேல் நியூட்டன் என்னும் தம்பதியர் இதைச் சோதித்தனர். பாலூட்டும் தாயின் பாதங்களைப் பனிக்கட்டி நீரில் வைத்தும் பிற தொல்லைகள் கொடுத்தும் பார்த்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. ஆக்சிடோசின் ஊசி போட்டதும் மீண்டும் இறங்கியது. "உனக்குப் பாலே இல்லை" என்று தாயின் முகத்துக்கு நேரே சொல்லும் சொல் பனிக்கட்டி நீரை ஒத்தது.

வேலைக்குச் செல்லும் தாய்மார்

1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பணிக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15ஆம் மாதம் வரை நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேர் பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. கூலிக்கும் பீஸ் ரேட்டுக்கும் உழைக்கும் பெண்களுக்கு இவை எட்டுவது அரிது. என் அக்காள் நான்காம் மாதத்தில் பனியன் கம்பெனிக்குத் திரும்பினாள். மதிய இடைவேளையில் பால் பீய்ச்ச அங்கே அவளுக்குக் கிடைத்த மறைவிடம் கழிவறைதான்.

காலையில் புறப்படுமுன் ஒருமுறை ஊட்டினாள். அதிகாலையில் பீய்ச்சி மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்த பாலை அவள் மாமியார் பாலாடையில் கொடுத்தார். நம் வெயிலில் 4 மணி நேரத்துக்கு மேல் பாலை வெளியில் வைத்திருப்பது நல்லதன்று. குளிர்பதனப் பெட்டியில் ஒருநாள் வைக்கலாம். காய்ச்சாமல், பாத்திரத்தை வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். மதியம் பீய்ச்சிய பால் இரவு வீடு திரும்பும்வரை தாங்காது என்பதால் அக்காள் அதைக் கொட்டிவிடுவாள். முதல் நாள் அழுதுகொண்டே கொட்டினாளாம். ஆனால் அந்தப் பால் வீணாகவில்லை. அதைப் பீய்ச்சியதால்தான் இரவில் குழந்தைக்குப் பால் ஊறியது.

மருத்துவரை நாடவேண்டிய நேரம்

சிலருக்கு மெய்யாகவே பால் குறைவதுண்டு. பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு, நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்குதல், தைராய்டுக் கோளாறு, மார்பில் செய்த அறுவை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகியவை காரணமாகலாம். எடை ஏறாமலோ, சிறுநீர் குறைந்தோ, குடிக்காமல் சோர்ந்தோ குழந்தை கிடந்தால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பால் பெருக்கும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி உண்ணலாகாது. இத்தகைய தாய் மருத்துவர் சொற்படி மாவுப்பால் கொடுத்தால் அதில் குற்றம் ஏதுமில்லை.

முடிவுரை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊட்டத் தொடங்குதல், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவுடன் இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதை நிறைவேற்றத் தாய் ஒருத்தியால் மட்டும் ஆகாது. சோறு வடிக்க ஒருவர், துணி துவைக்க ஒருவர், மனம் நோகாமல் பேச எல்லாரும் வேண்டும்.

நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். "நீ படித்தவன், நீ படித்தவள், சொல்" என்று வீட்டார் நம் முகத்தைப் பார்க்கும் வேளைகள் உண்டு. நாளை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பால் பத்தவில்லை என்ற பேச்சு எழுந்தால், கடைக்கு ஓடுமுன் குழந்தையை எடை போடச் சொல்லுங்கள். இன்னொரு முறை மார்பில் விடச் சொல்லுங்கள். செவிலியரை அழைத்து வாருங்கள்.