ரெசின் கைவேலை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கல்யாண மாலையைப் பதித்து வைப்பது, பெயர் போட்ட சாவிக்கொத்து, பூ மிதக்கும் கோஸ்டர் என்று எபாக்ஸி ரெசின் இப்போது வீட்டுக் கைவேலையாகிவிட்டது. கூடவே ஆளுக்கொரு யோசனையும் வந்து சேர்ந்திருக்கிறது. வேலை கெடுவது பெரும்பாலும் ரெசினால் அல்ல, இந்த யோசனைகளால்தான்.

நம்பிக்கை: ஹார்டனரைக் கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் செட் ஆகும்.

உண்மை: அதிகமான பொருட்களைப் பாழாக்குவது இதுதான். எபாக்ஸியில் ஹார்டனர் என்பது தயிருக்கு ஊற்றும் உறை அல்ல. இறுகப்போகும் பொருளில் அதுவும் ஒரு பங்கு. ரெசினின் மூலக்கூறுகளும் ஹார்டனரின் மூலக்கூறுகளும் சரியான கணக்கில் பிணைந்தால்தான் கெட்டியாகும். பிணையக் கூட்டு கிடைக்காமல் மிஞ்சிய ஹார்டனர் உள்ளேயே தங்கிவிடும். பொருள் பிசுபிசுக்கும், அல்லது ரப்பர் மாதிரி வளையும். ஹார்டனரைக் குறைத்தாலும் இதே கதி.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்திருக்கும் என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. கடலோர ஊர்களின் ஃபைபர் படகுப் பட்டறைகளில் புழங்குவது பாலியெஸ்டர் ரெசின். அதில் சேர்ப்பது உண்மையிலேயே உறை போன்றதுதான்: 100 பங்குக்கு ஒன்றிரண்டு பங்கு வினையூக்கி. அதைச் சற்றுக் கூட்டினால் வேகமும் கூடும். அங்கே சரியான பழக்கம், எபாக்ஸிக்கு வந்ததும் தவறாகிவிடுகிறது.

நம்பிக்கை: தராசில் நிறுத்தால் என்ன, கப்பில் அளந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: ஒன்றல்ல. ஒரே அளவு கப்பில் ஹார்டனர் பொதுவாக ரெசினைவிட எடை குறைவாக இருக்கும். தொழிற்கூடங்களில் பயன்படும் அரால்டைட் ஏடபிள்யூ 106 பசைக்குக் கொள்ளளவில் சம பங்கு. எடையில் 100-க்கு 80. லேபிளில் போட்டிருப்பது எந்தக் கணக்கு என்று பார்த்து, அதன்படியே அளங்கள்.

அளந்தது சரியாக இருந்தும் அங்கங்கே ஈரத் திட்டுகள் வந்தால், கலக்கியது போதவில்லை. கப்பின் அடியையும் ஓரத்தையும் வழித்து வழித்து மூன்று நிமிடமாவது நிதானமாகக் கலக்க வேண்டும். பிறகு வேறொரு கப்புக்கு மாற்றி இன்னொரு தடவை கலக்குங்கள். முதல் கப்பின் சுவரில் ஒட்டியிருப்பதை மோல்டில் வழித்துவிடாதீர்கள்.

நம்பிக்கை: பிசுபிசுத்தால் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் சரியாகிவிடும்.

உண்மை: ஒளிபட்டு இறுகுவது யூவி ரெசின், அது வேறு சரக்கு. எபாக்ஸிக்குக் கதகதப்பு உதவும், வெயிலோ மஞ்சளாக்கும். விகிதம் தவறிய கலவை ஒரு மாதம் வைத்தாலும் இறுகாது. ஒட்டுவதைச் சுரண்டித் துடைத்துவிட்டு, சரியாகக் கலந்ததை மேலே ஊற்றுவதே வழி. விகிதம் சரியென்றால் ஒரு நாளில் தொட்டுப் பார்க்கலாம். முழு உறுதி வர மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும்.

நம்பிக்கை: மேலே லேசாகத் தீ காட்டினால் குமிழி எல்லாம் போய்விடும்.

உண்மை: மேற்பரப்பில் உள்ளவை மட்டும் போகும். அதிக நேரம் காட்டினால் ரெசின் மஞ்சளாகும், சிலிகான் மோல்டும் கெடும். ஊற்றும் முன்பே ரெசின் பாட்டிலை மூடியபடி வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்தால் பதம் இளகி, குமிழி தானே ஏறிவிடும். சித்திரை வெயிலில் இதுவும் வேண்டாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் கையாளும் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். கப் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகையும்.

நம்பிக்கை: மாலைப் பூவை வாடுமுன் பதித்தால் நிறம் அப்படியே நிற்கும்.

உண்மை: பூவிலுள்ள ஈரம் ரெசினுக்குள் குமிழியாகும், பூ உள்ளேயே பழுப்பாகி அழுகும். பூவைச் சிலிக்கா ஜெல்லில் புதைத்து, இதழ் மொறுமொறுவென்று ஆகும்வரை காயவையுங்கள். மல்லிகையின் வெண்மை எப்படியும் மங்கும், சிவப்பு ரோஜா கருக்கும். பதித்துத் தருகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

மழைக்காலத்தில் மேலே மெழுகுபோல் ஒரு படலம் வருவதுண்டு. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்வதால் வருவது அது. சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். சரக்கு மோசம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நம்பிக்கை: வாசனை இல்லாத ரெசின், ஆகவே கெடுதல் இல்லை.

உண்மை: எபாக்ஸியும் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை, வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வாமை பலமுறை பட்டபின் திடீரென்று வரும். வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது, பிறகு துளி பட்டாலே அரிக்கும். கையில் பட்டதைத் தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள், சோப்பால் கழுவுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். முதல் பாட்டில் ரெசின் வாங்கும் அன்றே நைட்ரைல் கையுறைப் பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.