சுளுக்கு அல்ல, கிழிசல்

கேள்வி: எனக்கு வயது 43. போன ஞாயிறு ஷட்டில் ஆடும்போது, வலையோரம் விழுந்த பந்தை எடுக்கப் பாய்ந்தேன். யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் உதைத்த மாதிரி இருந்தது. திரும்பினால் ஒருவரும் இல்லை. சுளுக்கு என்று வீட்டில் தைலம் போட்டு நீவினார்கள். வலி கூடிவிட்டது. இப்போது கணுக்கால் நீலம் பாரித்திருக்கிறது. எலும்பு முறிந்திருக்குமோ? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?

- வாசகர், திண்டுக்கல்

பதில்: 'யாரோ உதைத்த மாதிரி' என்றீர்களே, கெண்டைச்சதை கிழிந்தவர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். நடுத்தர வயதில், திடீர்ப் பாய்ச்சல் உள்ள ஆட்டங்களில் இது சகஜம். 'டென்னிஸ் லெக்' என்றே பெயர். கிழிந்த இடத்தில் கசிந்த ரத்தம் கீழிறங்கித்தான் கணுக்கால் நீலமாகியிருக்கும். எக்ஸ்ரேயில் தசைக் கிழிசல் தெரியாது. அல்ட்ராசவுண்டு ஸ்கேனில் தெரியும்.

சுளுக்கு மூட்டில் வருவது. குரக்களி என்றால் சதை கல்லாக இறுகிச் சில நிமிடங்களில் விட்டுவிடும், அதை நீவலாம். புதிதாகக் கிழிந்த சதையை நீவினால் ரத்தக்கசிவு கூடும். முதல் இரண்டு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடமும் கூடாது. துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து எடுப்பது, கிரேப் பேண்டேஜ், தலையணைமேல் கால், இவை போதும்.

ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கக் குப்புறப் படுங்கள். வீட்டில் ஒருவர் இரண்டு கெண்டைச்சதைகளையும் மாற்றி மாற்றி மெதுவாக அமுக்கட்டும். நல்ல காலில் பாதம் தானாக அசையும். அடிபட்ட காலில் அசையாவிட்டால், குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாண் அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அப்படித்தான். கால் மேலும் வீங்கிச் சூடாகச் சிவந்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.

சோதனையில் பாதம் அசைந்தால் நிம்மதி. ஒரு வாரம் ஆகிவிட்டதால் முழு ஓய்வு வேண்டாம். வலிக்காத அளவுக்கு நடங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி குதிகாலை உயர்த்திப் பழகுங்கள். பிறகு நின்று, இரு காலில். லேசான கிழிசல் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். பெரிதென்றால் ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம். நாள்காட்டியைப் பார்த்து ஆடப் போகாதீர்கள். அடிபட்ட கால் ஒன்றிலேயே நின்று, நல்ல காலுக்கு இணையாக, வலியின்றிக் குதிகாலை உயர்த்த முடிகிற அன்று மட்டையை எடுங்கள்.