கடல்கொண்ட பயணி – ‘கமோர்டா’ கப்பலை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது பரங்கிப்பேட்டை. மஹ்மூது பந்தர் என்றும் போர்ட்டோ நோவோ என்றும் வழங்கப்பெற்ற இவ்வூரும், கெடிலமும் உப்பனாறும் சூழ்ந்த கடலூரும் சோழமண்டலக் கரையின் தொன்மையான வணிகத்துறைகளாகும். இக்கரையினின்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்றோர் பலர். பொருளோடு மீண்டோரை ஊர் அறியும். கடலிலேயே மறைந்தோரை யார் நினைவுகூர்வர்? இவ்வினாவுக்கு இலக்கியமும் மார்க்கமும் சட்டமும் தரும் விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கமோர்டாவின் முடிவு

பாய்மரக் கப்பல்களின் காலம் தேய்ந்து நீராவிக் கப்பல்களின் காலம் தோன்றியபோது, 1856இல் தொடங்கப்பெற்றுப் பின்னர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி எனப் பெயர் மாறிய நிறுவனம் வங்கக் கடற் போக்குவரத்தில் முதன்மை பெற்றது. அதன் கப்பல்களுள் ஒன்று ‘கமோர்டா’. 1880இல் கிளாஸ்கோவில் கட்டப்பெற்ற இக்கப்பல், 1902ஆம் ஆண்டு சென்னையிலிருந்து இரங்கூனுக்குச் சென்றுகொண்டிருந்தது. மே 6ஆம் நாள், அஃதாவது ஹிஜ்ரி 1320 முஹர்ரம் மாதத்தில், ஐராவதி ஆற்றின் கழிமுகத்தை அடுத்த கடற்பரப்பில் புயலிற் சிக்கி மூழ்கியது. பயணிகளும் மாலுமிகளுமாக எழுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒருவரும் உயிர்பிழைத்திலர்.

சித்திரை, வைகாசித் திங்கள்களில் வங்கக் கடலில் புயல் தோன்றுவது இயல்பு. அதே கழிமுகத்தை 2008ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘நர்கிஸ்’ புயல் அழித்ததை நாம் அறிவோம். கம்பியில்லாத் தந்தி இக்கடற்பயணிகளை எட்டாத அக்காலத்தில், கப்பல் வந்து சேராமையே அதன் அழிவுக்கு முதற் செய்தியாயிற்று.

பத்தாண்டுகள் கழித்து, 1912இல் ‘டைட்டானிக்’ மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்த அந்நிகழ்ச்சி உலகெங்கும் நூலாகவும் நினைவுச் சின்னமாகவும் நிலைபெற்றது. அதிற் பாதியளவினர் மாண்ட கமோர்டாவோ நம் மாணவர் பலரும் கேட்டறியாத பெயராகவே உள்ளது. மேல்தளத்தில் மூட்டையோடும் சோற்றுப் பொட்டலத்தோடும் அமர்ந்து சென்ற ஏழைப் பயணியை வரலாறு பெரும்பாலும் எண்ணாகவே கண்டது, பெயராகக் காணவில்லை.

காத்திருத்தலும் இலக்கியமும்

போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் எடுக்கும் மரபைத் தொல்காப்பியம் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக ஆறு நிலைகளில் வகுத்துரைக்கிறது. கடலில் வீழ்ந்தவனுக்கு இத்தகைய முறைமை அங்கு இல்லை. மகளிரோடு கடற்பயணம் செல்லுதல் வழக்கன்று என்பதையும் அந்நூலே கூறுகிறது. எனவே கடல் ஒருவனைக் கொள்ளும்போது கரையில் ஒருத்தி காத்திருந்தாள் என்பது சொல்லாமலே விளங்கும்.

அக்காத்திருத்தலை மணிமேகலையின் ஆதிரை வரலாறு நன்கு புலப்படுத்தும். வணிகன் சாதுவன் சென்ற மரக்கலம் உடைந்தது. தப்பி வந்தோர் அவனும் இறந்தான் என்றனர். ஆதிரை தீப்புகத் துணிந்தாள். தீயோ அவளைச் சுடவில்லை. கணவன் நாகர் நாட்டில் உயிரோடிருக்கிறான் என்று அசரீரி உரைத்தது. பின்னர்ச் சந்திரதத்தன் என்னும் வணிகனின் கலத்திலேறி அவன் மீண்டான். கண்டவர் சொல்லும் பிழைபடக்கூடும் என்பது இக்கதை உணர்த்தும் உண்மை. எனினும், சாதுவன் மீளாதிருந்தால் ஆதிரையின் நிலை என்ன என்பதைக் காப்பியம் பேசவில்லை. அவ்விடத்தை நிரப்புவது அறநூலாரின் கடமையாயிற்று.

மார்க்கமும் சட்டமும்

நீரில் மூழ்கி இறந்தவர் ஷஹீதுகளுள் ஒருவர் எனும் நற்செய்தியை நபிமொழி தருகிறது. உடல் கிடைக்காத நிலையில் தொலைவிலிருந்தே தொழும் ‘காயிப் ஜனாஸா’ தொழுகையை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்கிறது. கபுறு இல்லாதவருக்கும் துஆவில் இடமுண்டு.

இறப்பு உறுதிப்படாதவரை ‘மஃப்கூத்’ என்பர். அவருடைய மனைவி எத்துணைக் காலம் காத்திருப்பது, சொத்தினை எப்போது பங்கிடுவது என்பவற்றில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான்காண்டு காத்திருந்து, பின்னர் இத்தா இருத்தல் என்னும் மாலிகி மரபு கலீபா உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பை அடியொற்றியது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இக்கருத்தைத் தழுவி, கணவனைப்பற்றி நான்காண்டுகள் தகவல் இல்லையெனில் மனைவி நீதிமன்றத்தை நாடலாம் என்றது. தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் கணவன் மீண்டு வந்து கடமையாற்ற முன்வரின் தீர்ப்பு நீக்கப்படும். சாதுவனுக்காகத் திறந்துவைத்த கதவாகவே இதனைக் கொள்ளலாம். பொதுச் சட்டத்தில், ஏழாண்டுகள் செய்தி இல்லாதவர் உயிரோடிருப்பதாகக் கூறுவோரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் கூறிய இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

இலக்கியம் மீள்வான் எனும் நம்பிக்கையைக் காத்தது. சட்டமோ காத்திருப்பவளின் வாழ்வைக் காக்க முனைந்தது. இரண்டும் அருளின் இரு முகங்களே.

முடிவுரை

கடலின் சீற்றம் நமக்குப் பழங்கதையன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டக் கரையோர மக்கள் தம் உறவினரை இழந்தனர். அப்போதைய இழப்பை அரசு ஏடுகள் பதிவு செய்தன. நூறாண்டுக்கு முந்திய இழப்புகளோ குடும்ப நினைவுகளில் மட்டுமே எஞ்சக்கூடியன.

எனவே மாணவர்க்கு ஒரு பணி காத்திருக்கிறது. பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர், சிதம்பரம், இலால்பேட்டை ஆகிய ஊர்களின் முதியோரை அணுகிக் கேளுங்கள். கடல்கொண்டவரின் பெயர், தந்தை பெயர், கப்பல், புறப்பட்ட துறை, ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அரபுத் தமிழில் எழுதிய பழங்கடிதங்கள் பெட்டிகளில் இருக்கலாம். வாசிக்கத் தெரிந்த பெரியோர் உள்ளபோதே அவற்றைப் படித்துப் படியெடுத்துக்கொள்ளுங்கள். பெரியோர்களும் சிறியோர் கேட்குமுன்னரே சொல்ல முன்வர வேண்டும்.

நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் எழுதியவர் நம் முன்னோர். கல் நட இடமில்லாத கடலில் மறைந்தவருக்கு, அவர் பெயரை ஏட்டில் எழுதுவதே நாம் செய்யத்தக்க நன்றிக்கடனாகும்.