பாசியும் பருப்புக்கீரையும்

கிணற்றுச் சுவரில் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் வளரும் பாசியையும், வயலில் தரையோடு படரும் பருப்புக்கீரையையும் விவசாயிகள் நன்கு அறிவர். இரண்டும் வறட்சியைத் தாங்கும். தாங்கும் விதம்தான் வேறு.

சுவர்ப் பாசிகளில் ஒன்று ஹயோஃபிலா இன்வொலூட்டா. இதற்கு உண்மையான வேர், பூ, விதை எதுவும் கிடையாது. மெல்லிய இழைகளால் சுவரைப் பற்றி, இலை வழியாகவே நீரை உறிஞ்சும். காய்ந்தால் இலைகள் உட்புறமாகச் சுருளும், நனைந்ததும் விரியும்.

பருப்புக்கீரையோ சதைப்பற்றுள்ள தண்டிலும் இலையிலும் நீரைச் சேமிக்கும். மஞ்சள் பூ பூத்து, காய் முற்றியதும் நுண்ணிய கறுப்பு விதைகளைச் சிந்தும்.

களையெடுக்கும்போது இந்த வேறுபாட்டை நினைவிற் கொள்க. கொத்தி அங்கேயே போட்ட பருப்புக்கீரைத் தண்டு எளிதில் வாடாது. மண் ஈரமானால் வேர்விட்டுப் பிழைக்கும். கொத்திய மறுநாளே பாசனம் செய்தால் களைக்கூலி வீண். பூக்கும் முன்பே களைந்து, வயலுக்கு வெளியே அகற்றவும். இளந்தளிரைக் கீரையாகச் சமைக்கலாம்.

நாற்றுப் பாத்தியில் பாசி கண்டால் மருந்து தேட வேண்டாம். அது நாற்றின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மிகை ஈரத்தையும் நிழலையும் காட்டுகிறது. சுரண்டினாலும் ஈரம் நீடித்தால் மீண்டும் தழைக்கும். வடிகாலைச் சீர்செய்து, நீரை அளவோடு பாய்ச்சுவதே தக்க வழி.