குடிநோய்க்கு மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெறுவது எப்போது அவசியம்?

குடியை நிறுத்தச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்து வரும் குடும்பத்தினர் எம்மிடம் முதலில் கேட்பது இதுதான்: இங்கேயே சேர்க்க வேண்டுமா, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குச் செல்லலாமா? நோயாளி எவ்வளவு குடிக்கிறார் என்பதைப் பொறுத்தே இதற்கு விடை அமையும் என்று பலரும் எண்ணுகின்றனர். அளவு ஒரு குறிப்பு மட்டுமே. நிறுத்தினால் உடல் தாங்குமா, நிறுத்திய பின் வீடு தாங்குமா என்னும் இரண்டையுமே நாங்கள் முதன்மையாகப் பார்க்கிறோம்.

உடலை முதலில் எடுத்துக்கொள்வோம். மது மூளையின் செயலை மந்தப்படுத்தும் பொருள். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவரின் மூளை, அந்த மந்தத்தை ஈடுகட்டத் தன்னை மிகை விழிப்பிலேயே வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. மதுவைத் திடீரென நிறுத்தினால் அந்த மிகை விழிப்பு கட்டுப்பாடின்றி வெளிப்படுகிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரையில் சிலருக்குச் சித்தப்பிரமை தோன்றும்: நாள், இடம் அறியாமல் குழம்புவர், இல்லாத பூச்சிகளைச் சுவரில் காண்பர், காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறும். உரிய சிகிச்சை இல்லையெனில் இந்நிலை உயிரைப் பறிக்கவல்லது.

எனவே, தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்த முயல்வது மிகவும் ஆபத்தானது. ஐயப்பனுக்கு மாலை அணிந்ததும் ஒரே நாளில் நிறுத்துவோரையும் இங்கே குறிப்பிட வேண்டும். அவர்களது உறுதி மதிக்கத்தக்கது. ஆனால் காலையில் எழுந்தவுடன் கைநடுக்கம் தணியக் குடிக்க வேண்டிய நிலையில் இருப்பவர், மாலை அணிவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நசரத்பேட்டையை ஒட்டிச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலை போன்ற சாலைகளில் விபத்துக்குள்ளாகி, கால் எலும்பு முறிவுடன் ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் இரவு அவர் படுக்கையிலிருந்து எழுந்து ஓடுகிறார். தலையில் அடிபட்டதால்தான் இப்படி என்று குடும்பம் அஞ்சுகிறது. அவர் நாள்தோறும் குடிப்பவர் என்பதைச் சேர்க்கும்போதே சொல்லியிருந்தால், முன்கூட்டியே மருந்து கொடுத்து இதைத் தடுத்திருக்கலாம். எந்த நோய்க்காகச் சேர்த்தாலும், வெட்கம் பாராமல் இந்தத் தகவலைத் தெரிவியுங்கள்.

முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்போ சித்தப்பிரமையோ வந்திருந்தால், உள்நோயாளியாகச் சேர்ப்பதில் தயக்கமே கூடாது. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர்கோத்தல், இரத்த வாந்தி, கட்டுப்படாத சர்க்கரை நோய், முதுமை ஆகியவையும் அவ்வாறே. தற்கொலை பற்றிப் பேசுபவரைத் தனியே விடாமல் அன்றே அழைத்து வர வேண்டும். சோர்வாக இருக்கிறார் என்று தெருமுனையில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் நன்றன்று. குடிநோயாளரிடம் தயமின் என்னும் வைட்டமின் பி1 மிகவும் குறைந்திருக்கும்; அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

இனி வீடு. உடலிலிருந்து மது நீங்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். மனம் பழக்கத்திலிருந்து விடுபட வாரங்களும் மாதங்களும் ஆகும். மறுவாழ்வு மையத்தில் தங்குவது இந்த இரண்டாம் பகுதிக்காகவே. புறநோயாளியாக இருமுறை மும்முறை முயன்றும் மீண்டும் குடிக்கத் தொடங்கியவர், வீட்டில் இன்னொருவரும் குடிக்கும் சூழலில் இருப்பவர், மாத்திரையை நேரத்துக்குக் கொடுக்க ஆளின்றித் தனியே அறையெடுத்துத் தங்கித் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், மனைவி மக்களை அடிக்கும் அளவுக்குச் சென்றுவிட்டவர் ஆகியோருக்கு வீட்டுச் சிகிச்சை பெரும்பாலும் நிலைப்பதில்லை. மாறாக, விலகல் அறிகுறிகள் மிதமாக இருந்து, அருகிலேயே பொறுப்பான ஒருவர் இருந்து, அடிக்கடி மருத்துவரிடம் வர முடியுமானால் வீட்டிலிருந்தபடியே குணமடையலாம். அத்தகையோரையும் மையத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்துவது தேவையற்ற செலவு.

நோயாளிக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் பொடியைப் பற்றி அடிக்கடி கேட்கின்றனர். அத்தகைய பொடிகளில் டைசல்பிரம் என்னும் மருந்து இருக்கலாம். அதை உட்கொண்டவர் மது அருந்தினால் இரத்த அழுத்தம் சரிந்து, நெஞ்சுவலி ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டிய மருந்து அது.

கணவர் ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அது நடத்தும் டிடிகே மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இயங்குகிறது. குடும்பத்தினருக்கும் ஆலோசனை தேவை என்பதை அங்கே தொடக்கம் முதலே வலியுறுத்தி வந்துள்ளனர். நோயாளியைச் சேர்த்துவிட்டு ஒரு மாதம் கழித்து அழைத்துச் செல்லலாம் என்று எண்ணும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். எமது அனுபவமும் அதுவே.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, மாநில மனநல ஆணையத்தில் அது பதிவு பெற்றுள்ளதா, மனநல மருத்துவர் வருகிறாரா, நோயாளியைச் சந்திக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பிக்க முடியாமல் மாண்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. மதுவால் ஏற்படும் மனநலப் பாதிப்புகளும் அச்சட்டத்துக்குள் அடங்கும். நோயாளி சம்மதிக்காத நிலையில், மனநல மருத்துவர் ஒருவரும் மற்றொரு வல்லுநரும் தனித்தனியே பரிசோதித்துப் பரிந்துரைத்தால், அவரது நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பத்தின்பேரில் அதிகபட்சம் 30 நாள்கள் வரை சேர்க்கலாம். அடியாள்களை அனுப்பித் தூக்கிச் செல்லும் மையங்களை நாடாதீர்கள்.

நோயாளியிடம் பேச ஏற்ற வேளை, அவர் போதையில் இல்லாத காலைப் பொழுது. 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணையும், மன உளைச்சலுக்கு 14416 என்னும் எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே சென்றால் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையை அடையலாம். எங்கு சென்றாலும் பழைய மருந்துச் சீட்டுகள், இரத்தப் பரிசோதனை முடிவுகள், ஆதார் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.