தொடர் கொள்முதல் ஒப்பந்தங்கள்: முக்கியக் குறிப்புகள்

ஒரே வழங்குநரிடம் ஆண்டு முழுதும் வாங்கும்போது எந்த வகை ஒப்பந்தம் பொருந்தும்? அளவு, விலை, வேலையின் வரம்பு ஆகிய மூன்றில் எது முன்கூட்டியே தெரியாது என்று பாருங்கள். விடை அதிலேயே இருக்கிறது. வகைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்தக் கேள்வியோடு படிப்பது தேர்வில் கைகொடுக்கும்.

சட்ட அடிப்படை

- இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872: பிரிவு 2(எச்) ஒப்பந்தத்தின் வரையறை; பிரிவு 10 செல்லுபடிக்கான நிபந்தனைகள்.
- அரசியலமைப்பு உறுப்பு 299: அரசு ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவர் அல்லது ஆளுநர் பெயரில் செய்யப்பட வேண்டும்.
- மத்திய அரசுக் கொள்முதல்: பொது நிதி விதிகள், 2017.
- தமிழ்நாட்டில்: ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, அதன் விதிகள், 2000.

எப்போது எந்த ஒப்பந்தம்?

- அளவு தெரியாதபோது – விலை ஒப்பந்தம் (ரேட் கான்ட்ராக்ட்): விலையும் காலமும் மட்டும் முடிவாகும், குறைந்தபட்சக் கொள்முதலுக்கு உறுதி கிடையாது. ஒரு மாத்திரைக்கான விலை முடிவான பின், மருத்துவமனை 50,000 மாத்திரைக்கு வழங்கல் ஆணை கொடுத்தால், அந்த 50,000-க்குத்தான் இரு தரப்பும் கட்டுப்படும். அதுவரை அது வழங்குநர் திறந்து வைத்திருக்கும் முனைவு மட்டுமே. தேர்வர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது.
- அளவும் விலையும் தெரியும்போது: நிலையான விலை ஒப்பந்தம். குறுகிய காலத்துக்கு இதுவே விதி.
- நீண்ட காலத்தில் விலை மாறக்கூடுமானால்: விலை மாறுபாட்டு நிபந்தனை சேர்க்கலாம், வழங்கல் காலம் 18 மாதங்களைத் தாண்டினால் மட்டும் (பொது நிதி விதிகள், விதி 225).
- வேலையின் வரம்பு தெரியாதபோது – செலவுடன் லாபம் சேர்த்துத் தரும் ஒப்பந்தம்: ஆனால் சாதாரணமாகத் தவிர்க்க வேண்டும் என்கிறது அதே விதி. செலவு கூடினாலும் வழங்குநருக்கு இழப்பில்லை என்பதால், சிக்கனத்துக்கு அவருக்குக் காரணமே இராது.
- எப்போது பழுதாகும் என்று தெரியாத கருவிகளுக்கு – ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி): முழுமையான வகையில் உதிரிபாகச் செலவும் அடங்கும், மற்றதில் அது தனிக் கட்டணம்.

விலை ஒப்பந்தம்: தமிழ்நாட்டு எடுத்துக்காட்டு

- தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் (நிறுவப்பட்டது 1994): அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்கிறது; மாவட்டக் கிடங்குகள் வழியே விநியோகம்.

இரு தரப்புக்கும் பாதுகாப்பு

- ஒப்பந்தச் சட்டம், பிரிவு 73: ஒப்பந்த மீறலுக்கு இழப்பீடு. பிரிவு 74: ஒப்பந்தத்தில் குறித்த தொகையைத் தாண்டாமல் நியாயமான இழப்பீடு.
- குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, பிரிவு 15: குறு, சிறு வழங்குநருக்குப் பணம் செலுத்தும் காலம், எழுத்து உடன்பாடு இருந்தாலும் 45 நாட்களைத் தாண்டக் கூடாது; உடன்பாடு இல்லையேல் 15 நாட்கள்.
- அதே சட்டம், பிரிவு 16: பணம் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. எந்த வகை ஒப்பந்தமானாலும், பணம் உரிய நாளில் சேர்ந்தால்தான் சிறு வழங்குநர் அடுத்த ஆணையை ஏற்கும் நிலையில் இருப்பார்.