விளையாட்டு மாற்றமைப்புக்கு உரிய பணிச்சூழல்

கணினி விளையாட்டை ஆடுதல் ஒன்று. அதனுள் புதிய பொருள்களையும் விதிகளையும் சேர்த்தல் மற்றொன்று. பின்னதை 'மோடிங்' என்பர். அதற்கு உரிய பணிச்சூழலை அமைக்கும் முறையை இப்பாடம் விளக்குகின்றது.

சென்னையையும் அந்தமான் நிகோபார் தீவுகளையும் இணைக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் தொடங்கி வைக்கப்பெற்றது. அதற்கு முன்னர்த் தீவுகள் செயற்கைக்கோள் வழியையே பெரிதும் நம்பியிருந்தன. இன்று ஸ்ரீ விஜயபுரத்தின் (2024 வரை போர்ட் பிளேர்) லம்பா லைன் பகுதி மாணவரும் வேண்டிய மென்பொருளை வீட்டிலிருந்தே பெறலாம். பெற்றபின் செய்யும் பணிக்கு இணைய இணைப்பு தேவையில்லை.

தொடக்கத்திற்கு ஏற்றது 'லுவாண்டி'. 2010இல் தோன்றி, 2024 வரை 'மைன்டெஸ்ட்' என வழங்கிய இது விலையின்றிக் கிடைப்பது. இதற்கான கட்டளைகள், பிரேசில் நாட்டில் 1993இல் உருவான 'லுவா' மொழியில் எழுதப்படுகின்றன. இதனுடன் எளிய உரைத்தொகுப்பான் ஒன்றும், படம் வரையும் மென்பொருள் ஒன்றும் போதும்.

அந்தமானின் செந்நிறப் படாக் மரப் பலகையை விளையாட்டில் சேர்ப்பதாகக் கொள்வோம். 'மோட்ஸ்' என்னும் கோப்புறைக்குள் 'படாக்' என்று ஒரு கோப்புறை அமைக்க. அதனுள் இரு கோப்புகள் வேண்டும்: 'மோட்.கான்ஃப்' பெயரைக் கூறும், 'இனிட்.லுவா' கட்டளைகளைத் தாங்கும். 'டெக்ஸ்சர்ஸ்' என்னும் உட்கோப்புறையில், பக்கத்திற்கு 16 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்தை வைக்க. 'படாக்' போன்று நாம் இடும் பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளியின்றி எழுதுதல் வேண்டும். பின்னர் உலகைத் தேர்ந்தெடுத்து, இம்மாற்றமைப்பை இயங்கச் செய்க.

கட்டளையின் இலக்கணம் பிழைத்தால் உலகம் திறவாது. பிழையுள்ள கோப்பும் வரி எண்ணும் திரையில் தோன்றும். இதனால் தீங்கில்லை. திறந்தபின் நேரும் பிழையே அஞ்சத்தக்கது. கட்டைகளைத் தவறாக நீக்கும் கட்டளை ஒன்று, நண்பர் பலர் கூடிப் பல மாதம் எழுப்பிய நகரைச் சில நொடிகளில் அழித்துவிடக்கூடும். உலகின் நிலை அவ்வப்போது சேமிக்கப்படுவதால், முன்னரே படி எடுத்து வையாதவர்க்கு அதனை மீட்க வழியில்லை.

ஆகவே பணிச்சூழல் என்பது மென்பொருள்களின் தொகுதி மட்டுமன்று. பிழை நேரினும் இழப்பு நேராதவாறு செய்துகொள்ளும் ஏற்பாடாகும். அதற்கு விதிகள் மூன்று. சோதனைக்கெனத் தனி உலகம் வைத்துக்கொள்க. விளையாட்டை மூடியபின் உலகக் கோப்புறை முழுவதையும் படியெடுக்க. கட்டளைகளின் ஒவ்வொரு நிலையையும் 'கிட்' என்னும் கருவியால் பதிந்து வைக்க.

பயிற்சி: சோதனை உலகில் படாக் பலகையால் சிறு சுவர் எழுப்புக. விளையாட்டை மூடி, கட்டளையில் பலகையின் பெயரை மாற்றி, மீண்டும் திறக்க. சுவர் 'அறியப்படாத பொருள்' ஆகிவிட்டதைக் காணலாம்; உலகம் பொருளைப் பெயராலேயே நினைவில் கொள்கின்றது. இனிப் பழைய பெயரைப் புதியதுடன் இணைக்கும் 'அலியாஸ்' கட்டளையைச் சேர்த்துத் திறக்க. சுவர் மீண்டிருக்கும்.